பீஸ் ரேட்

எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்து கூலிப் பேச்சு இல்லாமல் எழுந்த நாள் குறைவு. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற எந்த வீட்டிலும் இப்படித்தான். ஜவுளிக்காரர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். அப்பா அதைச் சாயம் போடாத காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுப்பார். பிக்குக்கு, அதாவது ஊடை நூல் ஒரு முறை குறுக்கே ஓடுவதற்கு, இத்தனை பைசா என்று கணக்குப் போட்டு, மீட்டருக்குக் கூலி வரும். தறி எங்களுடையது, கொட்டகை எங்களுடையது, கரண்ட் பில்லும் எங்களுடையது. நூல் மட்டும்தான் அவர்களுடையது. ஆனாலும் விலை சொல்கிற வாய் எப்போதும் நூல் இருக்கிற பக்கத்தில்தான் இருந்தது. அம்மா ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே அப்பாவின் போன் பேச்சைக் கேட்பார். பேச்சு எப்படி முடிந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தே நானும் தம்பியும் தெரிந்துகொள்வோம்.

இப்போது நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கோவையில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்டு ஃபேஷன் முடித்துவிட்டு 2024இல் டிரெய்னியாகச் சேர்ந்தேன். ஒறம்பரை யாராவது கேட்டால் அம்மா, "பனியன் கம்பெனிக்குப் போகுதுங்க" என்று சொல்லிவிடுவார். அது சரிதான். ஆனால் இந்த வேலையில் விலை பேசுகிற வாய் என்னுடையது. தைக்கக் கொடுக்கிற இடத்துக்குப் போன் போட்டு, ரேட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டியவள் நான். அப்பா இத்தனை வருஷமாக எந்தப் போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அந்த மாதிரிப் போனைப் போடுகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்த நாளிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

மெர்ச்சண்டைசர் என்ன செய்வார் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. தைக்க மாட்டார், சாயம் போட மாட்டார், மெஷின் ஓட்ட மாட்டார். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து ஆர்டர் வந்த நாள் முதல் சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரும் வரைக்கும், அது இப்போது எங்கே இருக்கிறது, ஏன் அங்கேயே கிடக்கிறது, எப்போது நகரும் என்று கேட்கிற எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நூல் வாங்க வேண்டும். அப்புறம் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பாதிக்கு மேல் எங்கள் கூரைக்குக் கீழே நடப்பதில்லை. திருப்பூர் வளர்ந்த விதமே அப்படி. நிட்டிங் ஒரு தெருவில் ஓடும், சாயம் ஊருக்கு வெளியே நடக்கும், பிரிண்டிங் வேறொரு ரோட்டில், லேபிளும் பட்டனும் இன்னோர் இடத்தில். துணி ஊரைச் சுற்றி வந்துதான் பனியன் ஆகிறது. அதன் பின்னாலேயே நானும் போனில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

முதல் சில மாதம் சாம்பிள் பிரிவில் விட்டார்கள். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்திய பிபி சாம்பிள், ஷிப்மென்ட் சாம்பிள் என்று வரிசை உண்டு. ஒவ்வொன்றும் பையர் கைக்குப் போய், அவர்கள் அளந்து பார்த்து, சரி என்று பதில் வந்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். அதிலும் பிபி சாம்பிளுக்கு ஓகே வராமல் கட்டிங் டேபிளில் துணியை விரிக்கவே கூடாது என்பது எங்கள் மாஸ்டர் வைத்திருக்கிற சட்டம்.

இந்த வேலையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது லைட் பாக்ஸ். பையர் தனக்கு வேண்டிய கலருக்கு ஒரு பான்டோன் நம்பர் அனுப்புவார். டையிங்காரர்கள் அதே கலரில் சின்னத் துண்டுகளாக ஏ, பி, சி என்று மூன்று நிறம் போட்டு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் லேப் டிப். அந்தத் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து, டி65 என்ற விளக்கில் ஒரு முறையும் டிஎல்84 என்ற விளக்கில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். டி65 பகல் வெளிச்சம். டிஎல்84 ஐரோப்பியக் கடைகளுக்கென்று வைத்த டியூப் லைட் வெளிச்சம். பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒன்று போலத் தெரியும் இரண்டு துண்டுகள், கடை வெளிச்சத்துக்கு மாற்றியதும் ஒன்று சிவப்பு தட்டியும் ஒன்று பச்சை தட்டியும் நிற்கும். சாயக் கலவை வேறு வேறாக இருந்தால் இப்படி ஆகும். அம்மா சேலை எடுக்கும்போது கடை வாசல் வரைக்கும் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பாரே, அதே காரியத்தைத்தான் பெட்டிக்குள் செய்கிறோம். எங்கள் சீனியர் அக்கா துண்டைக் கையில் வாங்கி இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்குது, பி போகட்டும்" என்பார். பையரும் பியைத்தான் எடுப்பார். அந்தக் கண் ஒரு நாளில் வருவதில்லை. எனக்கும் இப்போது நேவி ப்ளூவிலும் சாம்பலிலும் கொஞ்சம் வந்திருக்கிறது. பேஜ் நிறத்தில் இன்னும் அக்காவிடம்தான் போய் நிற்கிறேன்.

அடுத்தது கிராம் கணக்கு. ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட். பாடி உயரம் 72 சென்டிமீட்டர், கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. மார்பு அகலம் 54, அதற்கு ஒரு 4 சேர்த்தால் 58. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் என்பதால் இரண்டால் பெருக்கி, துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை, 150 என்றால் அதாலும் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் 181 கிராம் வரும். கட்டிங் கழிவு பத்து சதவீதம் சேர்த்தால் பீஸுக்கு ஏறக்குறைய 200 கிராம் துணி. 6,000 பீஸ் ஆர்டருக்கு 1,200 கிலோ. இப்போது டையிங், காம்பேக்டிங் முடிந்து வந்த துணி 150க்குப் பதில் 155 ஜிஎஸ்எம் இருந்தால் என்ன ஆகும்? பீஸுக்கு ஆறு கிராமுக்கு மேல் ஏறும், மொத்தத்தில் 40 கிலோ துணி குறையும். கட்டிங்கின் கடைசி நாளில் எக்ஸெல் சைஸுக்குத் துணி இல்லாமல் நிற்போம். அதனால்தான் துணி வந்ததும் வட்டமாக நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, எடை போட்டு, நூறால் பெருக்கிப் பார்க்கிறோம். எல்லாரும் சும்மா வெட்டிப் போட்டுவிட்டுப் போகிற அந்தச் சின்ன வட்டத்தில் ஒரு ஆர்டரின் லாபம் முழுவதும் இருக்கிறது.

நூல் விலையை மில்லுகள் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பார்கள். அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே வெசனம். நாங்கள் விலை சொல்லி ஆர்டர் பிடித்து மாதங்கள் ஆகியிருக்கும். நூல் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் பையர் கூடுதலாகத் தர மாட்டார். அப்போது எங்கே குறைப்பது என்ற பேச்சு வரும். நூலில் குறைக்க முடியாது. சாயத்திலும் முடியாது. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் பாழான கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒவ்வொரு கிலோ சாயத்திலும் அந்தச் சுத்திகரிப்புச் செலவு சேர்ந்துதான் வருகிறது. சேரவும் வேண்டும். நான் தினம் பஸ்ஸில் சாமளாபுரம் குளத்தையும் மங்கலத்தில் நொய்யலையும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். சாயக் கூலி ஏன் இவ்வளவு என்று கேட்கிற பையருக்கு இதை விளக்கி மெயில் எழுதுவதில் எனக்கு எந்த அலுப்பும் வந்ததில்லை.

ஆக, குறைப்பதற்கு மிச்சம் இருக்கிற ஒரே இடம் தையல் கூலி.

எங்கள் சின்ன ஆர்டர்கள் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு பவர் டேபிளுக்குப் போகும். அங்கேரிபாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க ஷெட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து ஒரு டஜன் மெஷின். நடத்துகிற அண்ணன் தாராபுரம் பக்கத்துக்காரர். அவரும் டெய்லராக வந்தவர்தான். தைக்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். உள்ளூர் அக்காக்களும் உண்டு, ஒடிசாவிலிருந்து வந்த பெண்களும் உண்டு. ஷோல்டர் அடிப்பது ஒருவர், நெக் ரிப் வைப்பது ஒருவர், கை ஏற்றுவது, சைடு மூடுவது, பாட்டம் மடிப்பது என்று பீஸ் கை மாறிக்கொண்டே போகும். பிசிர் வெட்டவும், கைமடி என்கிற உதவி வேலைக்கும் தனியாக ஆள் இருப்பார்கள். கூலி பீஸ் ரேட். தைத்தால் காசு, மெஷின் நின்றால் இல்லை. சனிக்கிழமை சம்பளம்.

அவரிடம் நான் முதல் முறையாக ரேட் பேசப் போனபோது மேனேஜர் சொல்லி அனுப்பியது, பீஸுக்கு 50 பைசா குறைக்க வேண்டும் என்று. 6,000 பீஸுக்கு 3,000 ரூபாய். கம்பெனிக் கணக்கில் அது ஒரு வரி. அந்த ஷெட்டில் ஒரு டெய்லரின் ஒரு வாரச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும். நான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் உள்ளே போனேன். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: "அம்மிணி, ரேட்டைப் பேசிக்கலாமுங்க, அது எப்பவும் இருக்கறதுதான். ஆனா கட்டிங் காலைல வந்து சேரோணும். நீங்க பொழுது சாயறப்ப கொண்டாந்து எறக்கீட்டு விடியறதுக்குள்ள குடுன்னா, அதுவரைக்கும் சும்மா உக்காந்த புள்ளைகளுக்கு நானு என்னத்தைக் குடுக்கறது?"

அப்பா பாவு நூலுக்காகக் காத்திருந்த நாட்கள் எனக்கு உடனே ஞாபகம் வந்தன. கூலி குறைந்தது பற்றி அவர் பேசிய அளவுக்கு, பாவு வராமல் தறி நின்ற நாட்களைப் பற்றியும் பேசியிருக்கிறார். கூலி ஒப்பந்தத்தில் அந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. யாரோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவர் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட மறந்திருப்பார். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் மளிகைக் கடையில் கடன் நிற்கும்.

ரேட்டை முடிவு செய்கிற இடத்தில் நான் இல்லை. அது மேனேஜருக்கும் மேலே நடக்கிறது. பல சமயம் கடல் தாண்டி நடக்கிறது. ஆனால் அந்த மெஷின்கள் காத்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி என் மேஜையிலிருந்துதான் போகிறது. அந்த நேரத்தைக் குறைக்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டு வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் காலை ஒன்பது மணி ஆகும்போது கோடைக்காலத்தில் நமக்கு மதியம் பன்னிரண்டரை. குளிர்காலத்தில் ஒன்றரை. நியூயார்க்கில் ஒன்பது என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பையர் ஆபீஸில் வந்து உட்காரும்போது என் மெயில் மேலே இருக்க வேண்டும் என்றால், ஐரோப்பாவுக்கானது மதியத்துக்குள் போயிருக்க வேண்டும். நான் நாலு மணிக்கு அனுப்பினால் அவர்களுக்கு மீட்டிங் நேரம். பதில் மறுநாள் வரும். மறுநாள் சனிக்கிழமை என்றால் திங்கட்கிழமைதான். இங்கே ஒரு மதியம் தாமதித்தால் பவர் டேபிளில் மூன்று நாள் போய்விடும். அதனால் காலையில் வந்ததும் போனை எடுக்காமல், முதல் வேலையாக அப்ரூவல் கேட்கிற மெயில்களை எழுதிவிடுகிறேன். ஒரு மெயிலில் ஒரே கேள்வி. போட்டோவில் அளவு டேப் தெரிய வேண்டும். ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதுகிற மாதிரிக் கேட்க வேண்டும். மூன்று கேள்விகளை ஒரே மெயிலில் வைத்தால் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

இன்னொன்று டெக் பேக், அதாவது ஒரு உடுப்பை எப்படித் தைக்க வேண்டும் என்ற குறிப்பு. பையர் அனுப்புவது இங்கிலீஷில் பல பக்கம் இருக்கும். அதை அப்படியே ஜெராக்ஸ் போட்டு ஷெட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். நான் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். எந்தச் சைஸுக்கு என்ன அளவு, இன்ச்சுக்கு எத்தனை தையல், மெயின் லேபிள் நடு நெக்கிலா ஓரத்திலா, வாஷ் கேர் லேபிள் இடது சைடில் அடியிலிருந்து எவ்வளவு உயரம், எந்த நூல் எந்தக் கலர் பாடிக்கு. பக்கத்தில் சீல் போட்ட சாம்பிள் ஒன்று. ஒடிசாப் பெண்களுக்குப் படம் வரைந்து அம்புக்குறி போட்டேன். கட்டிங் பண்டல் போகும் முன்னாலேயே லேபிள், தையல் நூல் கோன், டேப் எல்லாம் எண்ணிப் பையில் போட்டு அனுப்பிவிடுவேன். லேபிள் வராமல் நெக்கை மூட முடியாது. நெக் மூடாமல் பீஸ் அடுத்த ஆள் கைக்குப் போகாது. ஒரு ரூபாய்க்கும் குறைவான லேபிளுக்காக ஷெட் முழுவதும் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால் கம்பெனிக்கும் ஆதாயம்தான். கடைசியில் இன்ஸ்பெக்ஷன் வரும்போது 6,000 பீஸில் 200 பீஸை உருவி எடுத்துப் பார்ப்பார்கள். ஏக்யூஎல் என்ற குறை வரம்பு 2.5 என்றால் பெரிய குறை பத்து பீஸ் வரைக்கும் விடுவார்கள். பதினொன்று ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். பெட்டியெல்லாம் பிரித்துத் திரும்பச் செக்கிங். அது முடிவதற்குள் கப்பல் போய்விடும், விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். விமானத்தில் அனுப்புகிற காசுக்கு முன்னால் அந்த 50 பைசா எம்மாத்திரம்? மேனேஜரிடம் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினேன். அடுத்த ஆர்டரில் ரேட்டை அப்படியே விட்டார். அதற்கு அடுத்ததில் மறுபடியும் குறைக்கச் சொன்னார். எழுதிக் காட்டுவதை நான் நிறுத்தவில்லை.

2025 மார்ச்சில் எங்கள் பக்கம் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தினார்கள். கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் ஏறக்குறைய ஒரு மாதம் தறி ஓடவில்லை. அந்த மாதம் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். 14,000 ரூபாயில் பிஎஃப், ஈஎஸ்ஐ போக வருவது. அப்பாவுக்கு அதை வாங்குவதில் சங்கடம் இருந்தது. அம்மாவிடம்தான் கொடுப்பேன். சீட்டுப் பணம் கட்டியது போக மீதியில் அம்மா குடும்பத்தை ஓட்டினார். அரிசிம்பருப்பும் கொள்ளு ரசமும்தான், ஆனால் யாரும் குறை சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பா என் வேலையைப் பற்றி முதல் முறையாக உட்கார்ந்து கேட்டார். உங்கள் கம்பெனியில் கூலியை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று. நோட்டில் ஒரு டி-ஷர்ட்டை வரைந்து, நூல் இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, சாயம் இவ்வளவு, தையல் இவ்வளவு என்று வரி வரியாக எழுதினேன். பெரிய ஃபேக்டரிகளில் எஸ்ஏஎம் என்று ஒவ்வொரு தையலுக்கும் நிமிடக் கணக்கு உண்டு, பவர் டேபிளில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்றும் சொன்னேன்.

"அந்த நிமிசக் கணக்குல, தைக்கிற புள்ளை தண்ணி குடிக்கப் போற நேரம் இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்கப்பா. களைப்புக்கும் ஓய்வுக்கும்னு கொஞ்சம் சேர்த்துத்தான் போடுவாங்க."

"எங்க பிக்குக் கணக்குல அது இல்லை" என்றார். அப்புறம் நோட்டை வாங்கி, தையல் வரிக்கு நேராக விரலை வைத்து, இந்த வரியில் கை வைக்கச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நூல் இன்றைக்கு வராது என்றால் இன்றைக்கே சொல்லிவிடு, இழுக்காதே என்றார். ஜவுளிக்காரர்கள் அவரிடம் செய்யாத ஒன்று அது.

அந்தச் சொல் ஆகஸ்டில் வேலைக்கு வந்தது. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம் வரி போட்டது, 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 சேர்த்து 50 ஆக்கியது. திருப்பூரிலிருந்து போகிற சரக்கில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு. டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சு. எங்கள் அமெரிக்கப் பையர் ஒருவர், கட்டிங் ஆகிவிட்ட ஆர்டரை ஹோல்ட் என்று ஒரு வரி மெயிலில் நிறுத்தினார். மேலே எல்லோரும் பேசிப் பார்க்கலாம், இரண்டு நாள் பொறுக்கலாம் என்றார்கள். அதுவரை பவர் டேபிளுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், சொன்னால் அவர் வேறு வேலை எடுத்துக்கொள்வார், நாளைக்கு ஆர்டர் திரும்ப உயிர் பெற்றால் நமக்கு ஆள் இருக்காது என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஷெட்டில் இருக்கிறவர்களுக்கு இரண்டு நாள் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மேனேஜரின் அறைக்குப் போய், இப்போதே சொன்னால் அவர் காதர்பேட்டை பனியன் வியாபாரிகளின் லோக்கல் வேலையை எடுத்து மெஷினை ஓட்டிக்கொள்வார், நம் ஆர்டர் திரும்பினால் நம் மேல் இருக்கிற மரியாதையில் நமக்கு முதலில் தைத்துத் தருவார், மறைத்தால் இரண்டும் போகும் என்று சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, சொல்லிருங்க" என்றார். பத்தரை மணிக்குப் போன் போட்டேன். அண்ணன் திட்டவில்லை. "இப்பவே சொன்னீங்களே, அது போதுமுங்க" என்று வைத்துவிட்டார். அன்று மதியமே லோக்கல் டிராக் பேன்ட் வேலை ஒன்று இறங்கியது. எங்கள் ஆர்டர் பிறகு டிஸ்கவுண்ட்டோடு நகர்ந்தது, அவரே தைத்துக் கொடுத்தார்.

மற்றபடி என் நாட்கள் எல்லோருடையதையும் போலத்தான். டவுன் பஸ் கிடைத்தால் டிக்கெட் காசு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அது இலவசம். அந்த மிச்சம் சின்னத் தொகை என்று சொல்கிறவர்கள் 14,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு மாதம் பஸ்ஸுக்குப் போய் வந்து பார்க்க வேண்டும். என்னோடு வரும் செக்கிங் அக்கா ஒருவர் அந்தக் காசை மட்டும் தனியாகச் சேர்த்து மகளுக்குக் கொலுசு எடுத்தார். டவுன் பஸ் தவறினால் பாட்டுச் சத்தத்தோடு தனியார் பஸ். அமெரிக்க மெயிலுக்காக உட்கார்ந்த நாட்களில் இரவு எட்டரை ஆகிவிடும். ஒன்றரை ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்தோடு புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் நின்றால் யாரும் பேச மாட்டார்கள், அத்தனை அசதி. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தட்டு காளான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு ஏறுவேன். தீபாவளிக்கு முந்திய மாதம் ஞாயிறும் வேலை. போனஸ் கொடுத்து முடிந்த மறுநாள் ஊரே காலியாகிவிடும். எத்தனை பேர் எங்கெங்கிருந்தோ வந்து இந்த ஊரை நடத்துகிறார்கள் என்று அந்த நாலு நாளில்தான் தெரியும்.

கல்யாணப் பேச்சும் வீட்டில் நடக்கிறது. பெரியம்மா ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பையன் வீட்டில், கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்களாம். போக வேண்டியதில்லை என்பதற்கும் போகக் கூடாது என்பதற்கும் எங்கள் பக்கத்தில் வித்தியாசம் குறைவு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான். அப்பா, "புள்ளை ஒரு வேலையைக் கத்துக்கிட்டு இருக்குது, விடு" என்று முடித்துவிட்டார்.

இப்போது எங்கள் டீமில் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். என்னைப் போலவே படித்தவள், என்னைவிட நன்றாக வரைவாள். சேர்ந்த வாரமே அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்காமல் பவர் டேபிளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பீஸ் முதல் தையலிலிருந்து கடைசிப் பிசிர் வெட்டும் வரை அதன் கூடவே நடந்து பார்க்கச் சொன்னேன். யார் எங்கே காத்திருக்கிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். அவள் எழுதிய முதல் பக்கத்தில் லேபிள், தையல் நூல், கரண்ட், மெர்ச்சண்டைசர் என்று இருந்தது.

அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வரப்போகிற பெண்கள் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் வாய் விட்டுக் கேளுங்கள். பிஎஃப் முதல் மாதத்திலிருந்தே பிடிக்கிறார்களா, யூஏஎன் நம்பர் எப்போது தருவார்கள்? 21,000 ரூபாய் வரை சம்பளம் இருந்தால் ஈஎஸ்ஐ உண்டு, அந்த நம்பர் எப்போது கிடைக்கும்? எட்டு மணிக்கு மேல் உட்கார வைத்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி உண்டா? ஞாயிறு வந்தால் மாற்று விடுமுறை தருவார்களா? ஜாப் வொர்க் பில்லை எத்தனை நாளில் கொடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அதை இன்டர்வியூவில் கேட்க முடியாது, வெளியே தைத்துக் கொடுக்கிறவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை பணம் போய்ச் சேரும்படி பில் கொடுக்கிற கம்பெனியில் மெர்ச்சண்டைசர் போனை எல்லோரும் எடுப்பார்கள்.

அவளுடைய முதல் ஆர்டர் குழந்தைகள் ரோம்பர், நான்கு சைஸ், மூன்று கலர். அதில் ஒன்று பேஜ். லேப் டிப் புதன்கிழமை வருகிறது, மதியத்துக்குள் பையருக்குப் போக வேண்டும். தமிழ்ப் பக்கத்தை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.